பாதுகாப்பான மரம் யாருக்கு?
ஐக்கிய அமெரிக்காவின் தண்டனைப் பலகை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1

தண்டனையின் வரலாறு பெரும்பாலும் சட்டத்தின் வரலாறாகவோ அறக்கருத்துக்களின் வரலாறாகவோ எழுதப்படுகின்றது. தண்டனைக் கருவி எப்பொருளாற் செய்யப்பட்டது, அப்பொருள் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயினும், ஒரு சமுதாயம் தன் கைக்குக் கீழ் உள்ளோரை எதனால் அடிக்கின்றது என்பது, அவர்களை அது எவ்வாறு மதிக்கின்றது என்பதைச் சட்டவாசகங்களிலும் தெளிவாகக் காட்டக்கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைகளில் மாணவரைப் புட்டத்தில் அடிக்கப் பயன்படும் தட்டையான மரப்பலகையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். படகுத் துடுப்பை ஒத்த வடிவுடைமையால் ஆங்கிலத்தில் அது துடுப்பின் பெயராலேயே வழங்குகின்றது. நாம் அதனை ‘அடிபலகை’ எனக் குறிப்பிடுவோம். இதற்கு ஏற்ற மரம் எது, எவ்வளவு தடிப்பு இருத்தல் வேண்டும், எம்மரம் சிராய் எழும்பாதது, எது உடையாதது என்பவை நடைமுறை வினாக்கள் போலத் தோன்றும். அவ்வினாக்களுள் மறைந்திருக்கும் ‘பாதுகாப்பு’ என்னும் கருத்து யாருடைய பாதுகாப்பைக் குறித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பாடசாலைத் தண்டனைக் கருவிகளின் வரலாற்றில் பொருள் மாறியும் பெயர் நிலைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. உரோமானிய ஆசிரியர்கள் பயன்படுத்திய கோல் ‘ஃபெரூலா’ எனப்பட்டது. அது மத்தியதரைக் கடற் பகுதியில் வளரும், பெருஞ்சீரகத்தை ஒத்த ஓர் உயர்ந்த செடியின் பெயராகும். அச்செடியின் உலர்ந்த தண்டு உள்ளே சோற்றி நிறைந்தது. பருத்துத் தோன்றினும் எடை குறைந்தது. பிற்காலத்தில் அப்பெயர் ஆங்கிலத்திற் புகுந்து, உள்ளங்கையில் அடிக்கும் தட்டையான மரச்சட்டத்தைக் குறிக்கலாயிற்று. நியூ இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கு அது அவ்வாறே சென்றது. சோற்றித்தண்டின் இடத்தை வன்மரம் பிடித்தது. பெயரோ பழையதாகவே இருந்தது.

அமெரிக்கக் காடுகளில் ஹிக்கரி, ஆஷ், ஓக், மேப்பிள் முதலிய மரங்கள் மிகுதி. ஹிக்கரியும் ஆஷும் நீண்ட நாருடையவை. அதிர்ச்சியைத் தாங்கி, வளைந்து, எளிதில் முறியாதவை. கோடரி, சம்மட்டி ஆகியவற்றின் பிடிகள் இவற்றாற் செய்யப்பட்டமைக்கு இதுவே காரணம். பைன் போன்ற மென்மரங்கள் எளிதிற் பிளந்து சிராய் எழும்புவன. ஆகவே, உழைப்புக் கருவிக்கு உகந்ததெனக் கண்ட மரமே தண்டனைக் கருவிக்கும் உகந்ததெனக் கொள்ளப்பட்டது இயல்பே. 1907ஆம் ஆண்டு வெளிவந்து பெரும்புகழ் பெற்ற பாடசாலைப் பருவம் பற்றிய அமெரிக்கப் பாடலொன்று ஹிக்கரிக் கோலைக் குறிப்பிடுகின்றது. அடியின் நினைவு இளமையின் இனிய நினைவுகளுள் ஒன்றாக மாற்றப்பட்டமையை அது காட்டும்.

3

அடிபலகையின் வரலாற்றைப் பாடசாலைக்குள் மட்டும் தேடுவோமாயின் அதன் முக்கியமான பகுதியைத் தவறவிடுவோம். அப்பகுதி அடிமைச் சந்தையில் உள்ளது.

1808ஆம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்தல் தடைசெய்யப்பட்டதன் பின், உள்நாட்டு அடிமை வாணிகம் பெருகியது. வேர்ஜீனியா, மேரிலாந்து முதலிய பகுதிகளிலிருந்து தெற்கின் பருத்தி, கரும்பு நிலங்களுக்கு, உள்நாட்டுப் போருக்கு முற்பட்ட பல தசாப்தங்களில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் கொண்டு செல்லப்பட்டனர். நியூ ஓர்லியன்ஸ் சந்தையில் அடிமையை வாங்குவோர் அவரது ஆடையைக் களைந்து முதுகைப் பார்த்தனர். சவுக்குத் தழும்பு பணியாமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. தழும்புடையவரின் விலை தாழ்ந்தது. எனவே வணிகருக்கு ஒரு முரண்பாடு எழுந்தது. அடிக்கவும் வேண்டும், அடித்தமை புலப்படவும் கூடாது. இம்முரண்பாட்டுக்கு அவர்கள் கண்ட தீர்வுகளுள் ஒன்றே அடிபலகை.

நியூ யோர்க் மாநிலத்தின் சுதந்திர மனிதரான சொலமன் நோதப் 1841இல் வாஷிங்டன் நகரிற் கடத்தப்பட்டு அடிமைக் கொட்டில் ஒன்றில் அடைக்கப்பட்டார். விடுதலையின் பின் 1853இல் வெளியிட்ட நூலில், தாம் சுதந்திரர் என்று கூறியமைக்காக அங்கு அடிக்கப்பட்ட கருவியை அவர் விவரித்துள்ளார். அது ஏறத்தாழ 18 முதல் 20 அங்குல நீளமுள்ள வன்மரப் பலகை. அதன் அகன்ற முகத்திற் பல துளைகள் இடப்பட்டிருந்தன. அடியின் மிகுதியால் அப்பலகை உடைந்தது. உடனே கயிற்றுச் சவுக்கு கையிலெடுக்கப்பட்டது. மரம் உடைந்தமை அடிபட்டவருக்கு ஓய்வைத் தரவில்லை. அடித்தவருக்குக் கருவியை மாற்றும் சிரமத்தையே தந்தது.

பலகையின் இயல்பை இவ்விடத்து விளங்கிக்கொள்ளுதல் அவசியம். மெல்லிய சவுக்கு தன் விசையை ஒடுங்கிய கோட்டிற் குவிப்பதால் தோல் பிளக்கின்றது. அகன்ற பலகை அவ்விசையைப் பரப்பில் விரிப்பதால் தோல் எளிதிற் பிளப்பதில்லை. ஆனால் விசை அழிந்துவிடுவதில்லை; அது தோலின் கீழுள்ள தசையைச் சென்றடைகின்றது. அங்கே நுண்ணிய குருதிக் கலன்கள் சிதைந்து இரத்தம் கட்டுகின்றது. குருதி வெளியே சிந்தவில்லை என்பதால் தீங்கு நிகழவில்லை என்று கொள்வதற்கில்லை. அடிமை வணிகரின் நோக்கில் ‘பாதுகாப்பு’ என்பது சரக்கின் விலைக்குரிய பாதுகாப்பேயாகும்.

4

பாடசாலை அடிபலகையைச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதை அடுத்துக் காண்போம். பெற்றோரும் ஆசிரியரும் ‘நியாயமான அளவில்’ பிள்ளையை அடிக்கலாம் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கொள்கை. 1860இல் இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் தம் மாணவனை அடித்துக் கொன்ற வழக்கில் அவ்வாசிரியர் தண்டிக்கப்பட்டார். ஆயினும் அதே தீர்ப்பு, மிதமான, நியாயமான அடி சட்டத்துக்கு உட்பட்டதே என்பதையும் உறுதி செய்தது. அதன் பின்னர் வினா ‘அடிக்கலாமா’ என்பதன்று; ‘எதனால், எவ்வளவு’ என்பதாயிற்று. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலம் 1867இலேயே பாடசாலைகளில் அடித்தலைத் தடைசெய்தது. அதனைப் பின்பற்ற அடுத்த மாநிலமான மசச்சூசெட்ஸுக்கு 1971 வரை, அதாவது 104 ஆண்டுகள், சென்றன.

புளோரிடாவின் டேட் மாவட்டத்தில் எழுந்த வழக்கு இவ்வளவைக் கணக்கின் தன்மையை நன்கு வெளிப்படுத்துகின்றது. அம்மாவட்டக் கல்விச் சபையின் விதிகள் பலகையின் அளவையே குறித்திருந்தன: நீளம் 2 அடிக்குக் குறைவு, அகலம் 3 முதல் 4 அங்குலம், தடிப்பு ஏறத்தாழ அரை அங்குலம். அடிகளின் எண்ணிக்கை வழமையாக 1 முதல் 5 வரை. இத்தகைய விதிகள் இருந்த இடத்திலேதான், 1970 ஒக்டோபரில், ஆசிரியரின் கட்டளைக்கு உடனே பணியவில்லை என்பதற்காக இங்கிரகாம் என்னும் 14 வயது மாணவன் ஒரு மேசையின் மீது பிடித்துவைக்கப்பட்டு 20 அடிகளுக்கு மேல் அடிக்கப்பட்டான். அவனுக்கு இரத்தக்கட்டு உண்டாயிற்று. மருத்துவ கவனிப்புத் தேவைப்பட்டது. பல நாட்கள் பாடசாலைக்குச் செல்ல இயலவில்லை. கையில் அடிபட்ட மற்றொரு மாணவன் ஒரு வாரகாலம் அக்கையை முழுமையாகப் பயன்படுத்த முடியாதிருந்தான்.

1977 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. கொடூரமான தண்டனையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 8ஆம் திருத்தம் குற்றவாளிகளுக்கே உரியது, பாடசாலை மாணவருக்கு உரியதன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதன் விளைவை ஒப்புநோக்குதல் தகும். 1968இலேயே ஆர்க்கன்சஸ் சிறைக்கைதிகளைத் தோல்வாரால் அடிப்பது இத்திருத்தத்துக்கு முரணானதெனக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருந்தது. டெலவெயர் மாநிலமும் தன் கசையடிக் கம்பத்தை 1972இற் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே, கொள்ளையடித்த வளர்ந்தவனுக்கு இல்லாத அடி, கட்டளைக்குத் தாமதித்த சிறுவனுக்கு எஞ்சியது. மாற்றுத் தீர்ப்பு வழங்கிய நீதிபதி வைட் இம்முரண்பாட்டையே சுட்டினார்.

இவ்வழக்கில் நாம் அழுத்திக் கூறவேண்டியது ஒன்றுண்டு. விதி பலகையின் நீளத்தையும் தடிப்பையும் அளந்தது. அடிப்பவரின் தோள்வலிமையையும் சினத்தையும், சிறுவன் உடலின் தாங்குதிறனையும் அளக்கும் கோல் எதுவும் அதனிடம் இருக்கவில்லை. அளக்கக்கூடியதை அளந்தமையே அளக்கமுடியாததற்கு அனுமதிச் சீட்டாயிற்று.

5

மரத்தின் பாதுகாப்பு என்பது பொருளற்ற ஆய்வு என நாம் கூறவில்லை. அதே நாட்டின் பேஸ்போல் விளையாட்டு இதற்குச் சான்று. ஆஷ் மட்டைகளின் இடத்தை மேப்பிள் மட்டைகள் பிடித்தபோது, அவை பல துண்டுகளாகச் சிதறி ஆடுவோருக்கும் பார்வையாளருக்கும் ஆபத்தை விளைவித்தன. 2008இல் உடைந்த மட்டைகள் 2,200க்கு மேற்பட்டவை திரட்டப்பட்டு, அரசின் வனப்பொருள் ஆய்வுகூட நிபுணரின் துணையுடன் ஆராயப்பட்டன. நாரின் ஓட்டம் மட்டையின் நீளத்துக்குச் சாய்ந்திருத்தலே முக்கிய காரணமெனக் கண்டறியப்பட்டது. மேப்பிளில் நாரின் ஓட்டம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாமையால், மை புள்ளியிட்டு அது பரவும் திசையைக் கொண்டு சாய்வைக் கணிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. மட்டை உடைவது பெரிதும் குறைந்தது.

இங்கு மரம் அடிக்க வேண்டியது பந்தை. மனிதர் காக்கப்பட வேண்டியவர். ஆகவே ‘பாதுகாப்பான மரம்’ என்னும் தொடர் முரண்படாது நிற்கின்றது. அடிபலகையிலோ மரம் சென்றடைய வேண்டிய இடமே மனித உடல். உடையாத, சிராய் எழும்பாத, விளிம்பு மழுக்கிய நல்ல மரம் அடிப்பவரின் கையைக் காக்கின்றது; தோலிற் காயம் காணப்படாமற் செய்து நிறுவனத்தை வழக்கிலிருந்து காக்கின்றது. ஆனால், முறியாத மரம் தன் விசையைச் சிதறவிடாது முழுமையாக உடலுக்குக் கொண்டு செல்கின்றது. அத்தொழிலுக்கு மிகப் பாதுகாப்பானதெனப்படும் மரமே அடிபடுபவருக்கு மிகக் கடியதாகின்றது.

6

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பலவற்றில் பாடசாலை அடிபலகை இன்னும் சட்டத்துக்கு உட்பட்டதே. 2017-18 கல்வியாண்டில் அந்நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 70,000 மாணவர் அடிக்கப்பட்டமையைக் கூட்டாட்சிக் கல்வித் திணைக்களத்தின் தரவுகள் காட்டுகின்றன. அவர்களுட் கறுப்பின மாணவர் தம் தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் இடம்பெறுகின்றனர். அடிமைக் கொட்டிலுக்கும் வகுப்பறைக்கும் நேர்க்கோடு வரைதல் வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். எனினும் அக்கருவி எவர் உடலைப் பழகியதோ அவர் சந்ததியினரின் உடலையே இன்றும் அதிகமாகத் தேடுகின்றது என்பதைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது.

நமக்கும் இதிற் பங்குண்டு. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் ‘நியாயமான அடி’ என்னும் கருத்துக் குடியேற்ற ஆட்சியின் வழியே இலங்கைக்கும் வந்தது. நீதிமன்றங்கள் கசையடி விதிப்பதற்கு இடமளித்த கட்டளைச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டது. வகுப்பறை மேசை மீது கிடந்த பிரம்பை நம்மவர் பலர் நன்றியுடன் நினைவுகூர்வதை இன்றும் கேட்கின்றோம். அடியாத மாடு படியாது என்னும் பழமொழி பிள்ளையை மாட்டோடு ஒப்பிடுகின்றது என்பதை நாம் சிந்திப்பதில்லை.

1979இல் சுவீடன் வீட்டிலும் பிள்ளைகளை அடித்தலை முற்றாகத் தடைசெய்தது. அந்நாடு பலகையின் தடிப்பைக் குறைக்கவில்லை, மரத்தை மாற்றவுமில்லை. வினாவையே மாற்றியது. எந்த மரம் பாதுகாப்பானது எனக் கேட்கும் சமுதாயம் அடியை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பிள்ளையின் உடல் பிறர் கைக்கு உரியதா எனக் கேட்கத் தொடங்கும் நாளிலேயே தச்சனின் பட்டறையிலிருந்து அப்பலகை மறையும்.