வேலியே பயிரை மேய்ந்தால்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உடலிலும் அப்படி ஒரு நோய் இருக்கிறது. இரத்தத்தின் வெள்ளணுக்களில் நிணவணுக்கள் என்றொரு வகை உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உட்புகும் கிருமிகளை இனங்கண்டு ஒழிப்பது இவற்றின் வேலை. இந்த அணுக்களில் ஒன்று முதிர்ச்சி அடையும் முன்பே நெறி தவறி, எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குமானால், மற்ற அணுக்கள் உண்டாக அங்கே இடமில்லாமல் போகிறது. குழந்தை வெளுக்கிறது, காய்ச்சல் விடாமல் அடிக்கிறது, ஈறுகளில் இரத்தம் கசிகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இந்த நிணவணு இரத்தப் புற்றுநோய்க்கே.

சென்னையில் இந்நோயை எதிர்த்து நின்றவர்களின் கதையை அடையாற்றிலிருந்து தொடங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு அங்கே 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் வி. சாந்தா. 1927இல் மயிலாப்பூரில் பிறந்தவர், விஞ்ஞானிகள் சி. வி. ராமனுக்கும் எஸ். சந்திரசேகருக்கும் உறவினர். அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தும் அதை ஏற்காமல் அடையாற்றுக்கு வந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து உழைத்த சாந்தா, நிலையத்தின் வளாகத்திலேயே தங்கிவிட்டார்.

1970களின் இறுதியில் நிலைமை என்ன தெரியுமா? மேலைநாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். இந்தியாவிலோ பெரிய மருத்துவமனைகளில்கூட ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. மருந்துகள் இல்லாமலில்லை. அவற்றை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை நாள் கொடுப்பது என்பதற்கு நம் குழந்தைகளுக்கு ஏற்றதொரு முறை இல்லை. அங்கே பயன்படும் கடுமையான சிகிச்சையை அப்படியே இங்கே கொண்டுவந்தால், மெலிந்த உடம்பு அதைத் தாங்குமா?

அமெரிக்காவில் பணியாற்றிய விஞ்ஞானி இயன் மக்ராத்தின் ஒத்துழைப்புடன் எம்.சி.பி. 841 என்ற பொதுச் சிகிச்சை முறை வகுக்கப்பட்டது. எண்ணில் உள்ள 84 ஆண்டைக் குறிக்கும். அடையாறும், பம்பாயின் டாடா மருத்துவமனையும், தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையமும் அதைப் பின்பற்றின. அதில் அடங்கிய மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின் எதிலிருந்து கிடைக்கிறது என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நம் தோட்டத்து நித்தியகல்யாணிச் செடிதான்!

மூன்று மையங்களின் முடிவுகளையும் தொகுத்து 2005இல் வெளியிட்டார்கள். மையத்துக்கு மையம் வேறுபாடு இருந்தாலும், ஏறத்தாழ பாதிப் பேர் நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்திருந்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோயிலிருந்து விடுபட்ட பின்னும், மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றிய நேரத்தில் தொற்று நோய்க்குப் பலியான குழந்தைகள் இருந்தார்கள். தொற்றை உடனுக்குடன் கவனிப்பதும் மருந்தைப் போலவே உயிர் காக்கும் என்பது அப்போது தெளிவாயிற்று.

இனி, விஞ்ஞான மாணவர்களை ஈர்க்கும் புதிருக்கு வருவோம். நிணவணுக்களில் டி, பி என இரு பெரும் வகைகள் உண்டு. டி அணு மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வது. பி அணு எதிர்ப்பொருளைச் சுரப்பது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 1970 வாக்கில் ஓர் எளிய தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்தால், அவை டி அணுவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ரோஜாப்பூப் போலத் தோன்றும். பி அணுவில் ஒட்டா. பின்னர், குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருள்கள் வந்தன. வேலை இன்னும் துல்லியமாயிற்று.

கே. ஆர். ராஜலட்சுமி, சாந்தா முதலியோர் சென்னை நோயாளிகளின் புற்றணுக்களை இவ்வாறு வகைப்படுத்தி 1990களில் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலைநாடுகளில் டி வகை சிறுபான்மை. ஆறில் ஒன்று எனலாம். சென்னையில் அதன் பங்கு வெகுவாகக் கூடியிருந்தது! டி வகை பெரும்பாலும் சற்று வளர்ந்த சிறுவர்களைப் பற்றுவது. வெள்ளணு எண்ணிக்கை மிக உயர்ந்து காண்பது. அந்நாளில் குணமாக்கக் கடினமானது. ஆகவே நம் முடிவுகளை மேலைநாட்டோடு ஒப்பிடும்போது, ஒப்பிடப்படும் நோயே ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் நம்மிடையே டி வகை அதிகமா? அவசரப்படாதீர்கள். பத்து மாம்பழத்தில் மூன்று மல்கோவா. மற்றவற்றில் நாலைந்தை எடுத்துவிட்டால் மல்கோவாவின் பங்கு கூடும், எண்ணிக்கை கூடாது. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தாக்கும் பி வகை, வசதி பெருகிய நாடுகளிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது என்றும், ஏழை நாடுகளில் அது குறைவாக இருப்பதால் டி வகை பெருத்துத் தோன்றுகிறது என்றும் மக்ராத் முதலியோர் கருதினர். இதைச் சோதிக்க மருத்துவமனைக் கணக்கு மட்டும் போதாது. ஊரில் எத்தனை குழந்தைகள், அவர்களில் எத்தனை பேருக்கு எந்த வகை என்று எண்ண வேண்டும். சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980களின் தொடக்கம் முதல் நடத்திவருவதும் இதே அடையாறு நிலையம்தான்.

சாந்தா 2021 ஜனவரி 19 அன்று காலமானார். அதுவரை அவர் குடியிருந்தது அந்த வளாகத்தில்தான்.