காமின் வழித்தோன்றல்கள்: ஓர் இனவகைப்பாட்டின் சமூக வரலாறு

மனிதரை இனங்களாக வகுக்கும் முயற்சி விஞ்ஞானத்தின் பெயரால் மேற்கொள்ளப்பட்ட காலத்தும், அதன் அடிப்படைச் சொற்களுட் சில சமயநூல் ஒன்றிலிருந்தே பெறப்பட்டன. செமித்தியர், ஹமித்தியர் என்னும் பெயர்கள் நோவாவின் புதல்வரான சேம், காம் ஆகியோரின் பெயர்களினடியாகப் பிறந்தவை. இவற்றுள் ஹமித்தியர் என்ற கருத்தின் வரலாற்றை நோக்குவது, கருத்துநிலைக்கும் ஆதிக்கத்துக்குமுள்ள தொடர்பினை விளங்கிக்கொள்ள உதவும்.

முதலில் மூலத்தை நோக்குவோம். ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரத்தில் தந்தையின் நிர்வாணத்தைக் கண்டவன் காம். சாபம் பெற்றவனோ அவன் மகன் கானான். தோலின் நிறம் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. கானான் நாட்டவர் மீது இஸ்ரவேலர் கொண்ட மேலாண்மைக்கு நியாயம் கற்பிப்பதே அக்கதையின் பணி எனலாம். 10ஆம் அதிகாரத்தின் வமிசாவளி கானானை எகிப்தோடு சேர்த்துக் காமின் கிளையில் வைக்கின்றது. ஆனால் கானானியரின் மொழி எபிரேயத்துக்கு மிக நெருங்கியது. எனவே அப்பட்டியல் அக்கால அரசியல், புவியியல் உறவுகளின் பதிவேயன்றி, மொழியினதோ குருதியினதோ பதிவன்று.

எனினும் அத்திலாந்திக் அடிமை வணிகம் வளர்ந்த காலத்தில் இச்சாபம் கறுப்பின மக்கள் அனைவர்மீதும் சுமத்தப்பட்டது. தோட்ட முதலாளியத்துக்குக் கூலியற்ற உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பைப் பறிப்பதற்குத் தெய்வ சம்மதமும் வேண்டியிருந்தது. 1861இல் அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டமைப்பின் உபதலைவர் அலெக்சாண்டர் ஸ்ரீவன்ஸ் அடிமைமுறையை நியாயப்படுத்திய உரையிலும் கானானின் சாபம் இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது.

1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்ததைத் தொடர்ந்து ஒரு முரண்பாடு எழுந்தது. எகிப்தின் மாபெரும் நாகரிகம் ஐரோப்பிய அறிஞரின் கவனத்துக்கு வந்தது. எகிப்தியரோ காமின் வழியினர். சபிக்கப்பட்டவர் எவ்வாறு நாகரிகம் படைத்திருக்கலாகும்? சாபம் கானானுக்கு மட்டுமே உரியது என்ற விளக்கம் இப்போது கைகொடுத்தது. காமின் ஏனைய வழித்தோன்றல்கள் வெள்ளையரின் உறவினராக்கப்பட்டனர். நேற்றுவரை கறுப்பரைக் குறித்த பெயர், ஆபிரிக்காவுக்கு நாகரிகம் கொணர்ந்த அந்நியரைக் குறிக்கலாயிற்று. தேவை மாறியதும் பொருள் தலைகீழாயிற்று.

1863இல் ஜோன் ஸ்பீக் நைல் நதியின் ஊற்றைத் தேடிய தமது பயண நூலில், பேரேரிப் பிரதேசத்தின் ஆளுங்குழுவினர் எத்தியோப்பியப் பகுதியிலிருந்து வந்தேறியோர் எனக் கூறினார். 1930இல் சி. ஜி. செலிக்மன் ஆபிரிக்க நாகரிகங்களை ஹமித்தியருக்கே உரியனவாக்கினார். 1911இல் இலங்கை வேடர் பற்றிய நூலை மனைவியுடன் எழுதி, எம்மவர்க்கு அறிமுகமானவரும் இவரே.

இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடவில்லை. றுவாண்டாவில் துட்சி, ஹூட்டு மக்கள் ஒரே மொழியைப் பேசி, ஒரே குன்றுகளில் வாழ்ந்தவர்கள். மந்தையுடைமையும் அரசவைத் தொடர்பும் சார்ந்த சமூக வேறுபாடு அவர்களிடையே இருந்தது உண்மையே. பெல்ஜிய ஆட்சி அவ்வேறுபாட்டை இனவேறுபாடாக இறுக்கியது. 1930களில் அடையாள அட்டையில் இனம் பொறிக்கப்பட்டது. கல்வியிலும் நிருவாகப் பதவிகளிலும் ‘ஹமித்தியரான’ துட்சியர் முன்னுரிமை பெற்றனர். 1959இன் எழுச்சிக்குப் பின்னர் அதே கதை எதிர்த்திசையிற் பயன்பட்டது: துட்சியர் அந்நியர் எனப்பட்டனர். 1992இல் அரசியல்வாதி ஒருவர் அவர்களை ஆற்றுவழியே எத்தியோப்பியாவுக்கு அனுப்ப வேண்டுமெனப் பேசினார். 1994 ஏப்ரில் முதல் யூலை வரை பல இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். வீதித் தடைகளில் அடையாள அட்டை உயிரைத் தீர்மானித்தது.

ஒரு பழங்கதையே இக்கொலைகளுக்குக் காரணம் எனக் கூறுதல் கருத்துமுதல்வாதமாகும். நில நெருக்கடி, 1980களின் இறுதியில் நேர்ந்த கோப்பி விலை வீழ்ச்சி, 1990இல் தொடங்கிய யுத்தம், அதிகாரத்தைக் கைவிட மறுத்த குழுவொன்றின் நலன் ஆகியன அடிப்படைகள். ஆயினும் பொருளியற் காரணிகளை மட்டும் எண்ணி அமைதலும் போதாது. நெருக்கடிக்கு யார் பலியாவார் என்பதைச் சுட்டிக்காட்டியது அக்கருத்துநிலையே.

1963இல் ஜோசப் கிறீன்பேர்க் ஆபிரிக்க மொழிகளை மீள வகைப்படுத்தி, ஹமித்தியம் என்றொரு தனிக்கிளை இல்லையென நிறுவினார். ஆய்வுலகில் அப்பெயர் வழக்கிழந்தது; அதன் பின்னரும் முப்பதாண்டுகள் அது மக்களிடையே உயிர்வாழ்ந்தது. மொழிக்குடும்பப் பெயர்களை இனப்பெயர்களாகக் கையாளும் வழக்கம் எமது நாட்டிலும் உண்டு. ஆரியர், திராவிடர் என எழுதும்போது எதனைக் குறிக்கின்றோம் என்பதைத் தெளிவாக்குவது ஆய்வாளரின் சமூகக் கடமையாகும். நாம் வகுக்கும் பெயர்கள் நம் ஏடுகளிலேயே தங்கிவிடுவதில்லை.