சட்டம் வேர்கொள்ளும் காலம்

கட்டுவதற்குப் பல்லாண்டு, இடிப்பதற்கு ஒரு நாள் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். சட்டங்களைப் பற்றிய நம் எண்ணமும் ஏறக்குறைய இதுவே. பெரும்பான்மை கிடைத்துவிட்டால் முந்தைய ஆட்சியின் சட்டத்தை நீக்குவதற்கு என்ன தடை என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டங்கள் இரண்டின் கதை இந்த எண்ணத்தைப் புரட்டிப் போடுகிறது. ஒன்று, இரு கட்சியினரும் கைகோத்து நிறைவேற்றிய சட்டம். அது பதினெட்டு மாதங்கூடத் தாங்கவில்லை. மற்றொன்று, எதிர்க்கட்சியின் ஒரே ஒரு வாக்குகூட இன்றி நிறைவேறிய சட்டம். பிரதிநிதிகள் சபை அறுபது முறைக்கு மேல் அதற்கு எதிராக வாக்களித்த பின்னரும் அது நிற்கிறது. இந்த முரணுக்குக் காரணம் யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் குடிமக்கள் அனைவருக்குமான ஒரே அரசுக் காப்பீடு இல்லை. உழைக்கும் வயதினரில் பெரும்பாலோர் தாம் பணிபுரியும் நிறுவனத்தின் வழியாகவே காப்பீடு பெறுகின்றனர். 1965ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் இரு திட்டங்கள் பிறந்தன. அறுபத்தைந்து வயது நிரம்பியோருக்கு மெடிக்கேர். வறியோருள் சில பிரிவினருக்கு, மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் மெடிக்கெய்ட். இவ்விரண்டிற்கும் இடையே விழுந்தவர்கள் பல கோடி. அவர்களைக் கரையேற்றும் முயற்சிகளே பின்வந்த அரசியலின் பெரும்பகுதி.

முதற்கதை: பதினெட்டு மாதச் சட்டம்

மெடிக்கேர் திட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. மருத்துவமனையில் நீண்ட நாள் தங்க நேர்ந்தால் செலவு நோயாளியின் தலையில் விழும். வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளுக்குத் திட்டத்தில் பெரும்பாலும் இடமே இல்லை. இவற்றை அடைப்பதற்காக, பேரிடர்ச் செலவுக் காப்புச் சட்டம் எனத்தக்க ஒரு சட்டத்தை 1988இல் காங்கிரஸ் இயற்றியது. பிரதிநிதிகள் சபையில் 328 பேர் ஆதரவு, 72 பேர் எதிர்ப்பு. செனட்டில் 86 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. ஜூலை 1 அன்று ரீகன் கையொப்பமிட்டார். முதியோரின் மிகப்பெரிய சங்கமும் ஆதரித்தது. இதைவிட நல்ல சகுனம் ஒரு சட்டத்திற்கு வாய்ப்பது அரிது.

ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. புதிய சலுகைகளுக்கான செலவு முழுவதையும் முதியோரே ஏற்க வேண்டும் என்பது அது. எல்லோருக்கும் சிறு மாதக் கட்டணம். வருமானம் மிகுந்தோருக்கு அவர்கள் செலுத்தும் வருமான வரியின்மீது கூடுதல் கட்டணம், 1989இல் நபர் ஒருவருக்கு உச்ச வரம்பு 800 டாலர். அந்த உச்சத்தைத் தொடக்கூடியோர் மிகச் சிலரே. ஆனால் அனைவருமே 800 டாலர் செலுத்த வேண்டியிருக்கும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. கட்டணக் கணக்கு 1989ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட, மருந்துச் சலுகையோ 1991இல்தான் முழுமையாகத் தொடங்குவதாக இருந்தது. முன்னாள் முதலாளிகளிடமிருந்து இத்தகைய காப்பை ஏற்கெனவே பெற்றுவந்தவர்கள், இருப்பதற்கே மீண்டும் பணமா என்று வெகுண்டனர். முதியோர் உள்ளூர மிகவும் அஞ்சியது ஆண்டுக்கணக்கில் நீளும் பராமரிப்பு இல்லச் செலவை. அதற்கு இந்தச் சட்டத்தில் வழி இல்லை.

1989 ஆகஸ்ட் 17 அன்று நிகழ்ந்தது அமெரிக்க அரசியலில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் டான் ராஸ்டென்கவ்ஸ்கி, சிகாகோவில் தம் தொகுதி முதியோரைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தார். அவர்கள் அவருடைய காரைச் சூழ்ந்துகொண்டு, கையிலிருந்த அட்டைகளால் தட்டிக் கூச்சலிட்டனர். வாஷிங்டனில் பெருஞ்செல்வாக்குப் படைத்த அம்மனிதர் காரைவிட்டு இறங்கி ஓட நேர்ந்தது. தொலைக்காட்சி வழியாக நாடே அதைக் கண்டது. அக்டோபர் 4 அன்று அதே பிரதிநிதிகள் சபை 360 வாக்குகளால் சட்டத்தை நீக்க முடிவெடுத்தது. எதிர்த்தவர் 66 பேர் மட்டுமே. டிசம்பர் 13 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் நீக்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

இங்கே இரு செய்திகளை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வறிய முதியோரின் மெடிக்கேர் கட்டணங்களை மெடிக்கெய்ட் ஏற்பது, பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தவரின் வாழ்க்கைத்துணை ஓட்டாண்டியாகாமல் காப்பது ஆகிய பகுதிகள் இந்த நீக்கத்திலிருந்து தப்பின. அவற்றுக்கு எதிராக யாரும் கூச்சலிடவில்லை. இரண்டாவது, மெடிக்கேரில் மருந்துச் சலுகை மீண்டும் சட்டமானது 2003இல். நடைமுறைக்கு வந்தது 2006 ஜனவரியில். கோபத்தில் கிழித்தெறிந்த ஒன்றை மீண்டும் பெறுவதற்குள் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. 1989இல் எழுபது வயதாயிருந்தவருக்கு அப்போது எண்பத்தேழு. அவர்களுள் எத்தனை பேர் அதைக் காண இருந்தனர்?

இரண்டாம் கதை: வெறுக்கப்பட்ட சட்டம்

ஒபாமாவின் சட்டம் பிறந்த விதமே வேறு. 2009 டிசம்பர் 24 அதிகாலை வேளையில் செனட் அதை 60 வாக்குகளால் நிறைவேற்றியது, எதிர்ப்பு 39. நெடுங்காலம் இதற்காகப் போராடிய எட்வர்ட் கென்னடி அதற்கு நான்கு மாதம் முன்பே மறைந்துவிட்டார். 2010 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய இடமே குடியரசுக் கட்சியிடம் சென்றது. மார்ச் 21 அன்று பிரதிநிதிகள் சபை 219க்கு 212 என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. மார்ச் 23 அன்று ஒபாமா கையொப்பமிட்டார்.

சட்டத்தின் உள்ளமைப்பு மூன்று கால் முக்காலியை ஒத்தது. முன்பே நோய் உள்ளவர் என்பதற்காகக் காப்பீட்டு நிறுவனம் யாரையும் விலக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ கூடாது என்பது ஒரு கால். அப்படியாயின் நோய் வந்த பிறகு காப்பீடு வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஆகவே காப்பீடு பெறாதோருக்கு அபராதம் என்பது இரண்டாம் கால். வாங்க இயலாதோருக்கு மானியம் என்பது மூன்றாம் கால். இவற்றோடு, வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானமுள்ள அனைவருக்கும் மெடிக்கெய்ட் விரிவாக்கப்பட்டது. இருபத்தாறு வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளைகள் தொடரலாம் என்பது போன்றவை விரைவிலேயே நடைமுறைக்கு வந்தன. மானியமும் மெடிக்கெய்ட் விரிவும் 2014 ஜனவரியில் தொடங்கின.

இடைப்பட்ட ஆண்டுகளில் இச்சட்டத்தை வெறுத்தவர் பலர். 2010 தேர்தலில் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சி, 2011 ஜனவரி 19 அன்று 245க்கு 189 என்ற வாக்குகளால் முழு நீக்க மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதை ஏற்கவில்லை. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அபராதத்தை ஒரு வகை வரியென ஏற்றுச் சட்டத்தைக் காத்தது. ஆனால் மெடிக்கெய்ட் விரிவை ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்றது. 2013 அக்டோபரில், இச்சட்டத்துக்குப் பணம் ஒதுக்கலாகாது என்ற பிடிவாதத்தால் அரசு அலுவலகங்கள் பதினாறு நாள் முடங்கின. காப்பீடு வாங்குவதற்கான அரசின் இணையதளமும் அதே மாதம் தொடங்கி, முதல் நாளிலேயே தடுமாறி விழுந்தது.

வாக்கும் விளைவும்

இந்த ஆண்டுகளின் வாக்கெடுப்புகளில் ஒரு தனித்தன்மை உண்டு. வெள்ளை மாளிகையில் ஒபாமா இருக்கும்வரை எந்த நீக்க மசோதாவும் சட்டமாகப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவ்வாக்குகளுக்கு விலை இல்லை. 2015 டிசம்பர் 3 அன்று செனட், சட்டத்தின் முதுகெலும்பை முறிக்கும் மசோதாவை 52க்கு 47 என்று நிறைவேற்றியது. 2016 ஜனவரி 8 அன்று ஒபாமா அதை நிராகரித்தார். அத்தோடு அது முடிந்தது. யாருடைய காப்பீடும் போகவில்லை.

2017இல் நிலைமை தலைகீழானது. அதிபர் டிரம்ப்; இரு அவைகளிலும் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. இப்போது அளிக்கும் வாக்கு உண்மையான வாக்கு. மே 4 அன்று பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்று மாற்று மசோதாவை நிறைவேற்றியது. இதனால் 2026க்குள் காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை கூடுதலாக 2 கோடியே 30 லட்சம் ஆகும் என்று காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் கணித்தது. ஜூன் 22 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலின் அலுவலக வாயிலில் மாற்றுத்திறனாளிகள் அமர்ந்தனர். சக்கர நாற்காலிகளிலிருந்து அவர்களைக் காவலர் தூக்கிச் சென்ற காட்சியும் தொலைக்காட்சியில் ஓடியது. 1989இல் நீக்கு என்று காரை மறித்தவர்களும் 2017இல் நீக்காதே என்று வாயிலை மறித்தவர்களும் ஒரே அச்சத்தால் உந்தப்பட்டவர்கள்தாம். கையிலிருப்பது போய்விடுமோ என்ற அச்சம் அது.

ஜூலை 26 அன்று நடந்த வாக்கெடுப்பே நம் பார்வையில் இக்கதையின் மையம். 2015இல் நிறைவேறியதை ஏறக்குறைய அப்படியே ஒத்த மசோதா மீண்டும் செனட் முன் வந்தது. 45 பேர் ஆதரவு, 55 பேர் எதிர்ப்பு. எதிர்த்தோரில் ஏழு பேர் குடியரசுக் கட்சியினர். அவர்களுள் ஆறு பேர் 2015இல் ஆம் என்று வாக்களித்தவர்கள். அந்த ஆறு பேரில் ஐவருடைய மாநிலங்களான அலாஸ்கா, அரிசோனா, நெவாடா, ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா ஆகியவை இதற்குள் மெடிக்கெய்ட் விரிவை ஏற்றிருந்தன. மசோதா மாறவில்லை. அதன் மறுபுறத்தில் நின்ற மக்கள் இப்போது கண்ணுக்குத் தெரிந்தனர், அவ்வளவே.

இரு நாள் கழித்து, ஜூலை 28 பின்னிரவில், மிகச் சுருக்கப்பட்ட இறுதி மசோதாவும் வாக்கெடுப்புக்கு வந்தது. சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி இருவரோடு, மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்டுச் சில நாளே ஆகியிருந்த ஜான் மெக்கெய்னும் எதிர்த்து வாக்களித்தார். 49க்கு 51 என்று மசோதா வீழ்ந்தது. மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டிய காட்சியைப் பலரும் வீரச்செயலாகப் போற்றுவர். ஆனால் ஒரு மனிதரின் கட்டைவிரலில் வரலாற்றைத் தொங்கவிடுவது முறையன்று. காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் தொடக்கம் முதலே உறுதியாக நின்றிராவிட்டால் அந்த விரலுக்கு வேலையே இருந்திராது.

நாம் காண்பது

ஆக, இவ்விரு கதைகளும் காட்டுவது யாது? ஒரு சட்டத்தின் ஆயுளை அது பெற்ற பெரும்பான்மை தீர்மானிப்பதில்லை. சுமை முதலில் தெரிகிறதா, பயன் முதலில் தெரிகிறதா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. 1988 சட்டத்தில் கட்டணச் சீட்டு முந்தியது, மருந்து பிந்தியது. 2010 சட்டமோ, அதை நீக்கும் அதிகாரம் எதிர்ப்பாளருக்கு வாய்ப்பதற்குள் மூன்று ஆண்டுகள் மக்களின் அன்றாட வாழ்வில் புழங்கிவிட்டது. 2010க்கும் 2016க்கும் இடையே காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு கோடி குறைந்திருந்தது. அதன் மதிப்பைப் பலருக்கு உணர்த்தியதே அதைப் பறிக்க எடுத்த முயற்சிதான். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இதற்கும் பொருந்தும்.

இத்துடன் கதையை முடித்தால் அது பாதி உண்மையே ஆகும். நீக்கம் என்ற பெயரில் நடவாதது வேறு பெயர்களில் நடக்கலாம். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம், முக்காலியின் இரண்டாம் காலான அபராதத்தை 2019 முதல் சுழியாக்கியது. எதிர்பார்த்தபடி முக்காலி சாய்ந்துவிடவில்லை என்பது வியப்பே. 2021இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் முறையும் சட்டத்தைத் தப்பவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையொப்பமான சட்டமோ மெடிக்கெய்டில் பெரும் வெட்டுகளையும் வேலை நிபந்தனைகளையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு இறுதியோடு முடிவதாக இருந்த கூடுதல் மானியத்தை நீட்டிப்பது பற்றிய பூசலில் அரசு அலுவலகங்கள் அக்டோபர் தொடங்கி 43 நாட்கள் மூடிக் கிடந்தன.

வேர்விட்ட மரத்தை ஒரே வெட்டில் சாய்ப்பது அரிது. கிளைகளை ஒவ்வொன்றாகக் கழிப்பதற்கு அத்தனை எதிர்ப்பு எழுவதில்லை. ஒரு பெரிய வாக்கெடுப்பு என்றால் நாடு விழித்திருந்து பார்க்கிறது. படிவத்தில் ஒரு வரி கூடுவதையும், புதுப்பிக்கும் கெடு குறைவதையும் யார் விழித்திருந்து பார்க்கிறார்கள்? அங்கே காப்பீட்டை இழப்பவர் எந்த வாக்கெடுப்பிலும் தோற்றவரல்லர். பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டவர். பிற்கால வரலாற்றாசிரியர் 2017இன் அந்த இரவைப் பற்றி எழுதுவது எளிது. பெயர் விடுபட்டவர்களைப் பற்றி எழுதுவதே கடினமான பணியாக இருக்கும் என்று நாம் கருதுகிறோம்.