சிறு குளத்து மண்கட்டு

ஈழத்து நீர்ப்பாசன வரலாறு என்றவுடன் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவியும், பராக்கிரமபாகு மன்னனின் பராக்கிரம சமுத்திரமும் நம் நினைவுக்கு வருகின்றன. மன்னர் பெயரோடு இணைந்த அப்பெருங்குளங்களுக்கு நூல்களிலே குறைவின்றி இடமுண்டு. ஆனால், வடமத்திய மாகாணத்திலும் வன்னியிலும் ஊருக்கு ஒன்றாகக் காட்டோரத்தில் அமைந்த சிறு குளங்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. வறட்சிக் காலத்தில் அவை உழவரைக் காத்தமை யாவரும் அறிந்ததே. வெள்ளத்திலிருந்தும் அவை காத்தன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்காவல் எவ்வாறு நிகழ்ந்தது, எப்போது தளர்ந்தது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

உலர் வலயத்திலே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள சில மாதங்களிற் பெய்துவிடுகின்றது. கோடையில் மணல் தெரியக் கிடக்கும் ஓடைகள் மாரியிலே கரைபுரண்டு ஓடும். நம் முன்னோர் இவ்வோடைகளை ஓரிடத்தில் மாத்திரம் மறிக்கவில்லை. ஆழமில்லாத பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு மண்கட்டு; அதன்கீழ் வயல்; வயலின் கழிவுநீர் சேருமிடத்தில் மற்றொரு கட்டு; இவ்வாறு மேலிருந்து கீழாகக் குளங்களைத் தொடுத்தனர். இத்தொடரைச் சிங்கள மக்கள் 'எல்லங்காவ' என்பர். அனுராதபுர மாவட்டத்துத் திறப்பனைக் குளத்தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேராசிரியர் மத்தும பண்டார 1985 ஆம் ஆண்டில் இவ்வமைப்பை விளக்கி எழுதினார். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

பெருமழை பெய்யும்போது மேற்குளம் முதலில் நிறையும். நிறைந்தபின் எஞ்சிய நீர், கட்டின் ஓரத்திலே தாழ்வாக விடப்பட்ட வான் வழியாகப் பாய்ந்து அடுத்த குளத்தை அடையும். ஒவ்வொரு குளமும் வெள்ளத்தின் ஒரு பங்கைத் தன்னிடத்தே நிறுத்தி, எஞ்சியதைத் தாமதப்படுத்தியே அனுப்பும். ஆகவே, ஒரே இரவில் ஊர்மேல் பாயவேண்டிய நீர் பல நாட்களாகப் பகிர்ந்து ஓடும். குளத்தின் மேற்புறத்திலே மரச்செறிவும் புல்வெளியும் வண்டலைத் தடுக்கும். கட்டின் கீழ்ப்புறத்துத் தோப்பு, கசிந்து வரும் உப்புநீர் வயலைச் சேராமற் காக்கும்.

எனினும், மண்கட்டுக்குப் பெரும்பகை ஒன்றுண்டு. நீர் கட்டின் உச்சியைத் தாண்டி வழியுமாயின் மண் அரிக்கப்பட்டுச் சிறிது நேரத்திலேயே உடைப்பெடுக்கும். உடைந்த குளத்தின் நீர் முழுவதும் அடுத்த குளத்தின்மேற் பாயும். அதுவும் தாங்காதெனில் அதன்கீழ் உள்ளதும் உடையும். ஆகவே, மேலூரார் தமது வானைத் தூர்ந்துபோக விட்டால் அதன் துன்பம் கீழூராருக்கே நேரும். வெள்ளத்தைத் தணிக்கும் அதே தொடர், கவனம் தவறினால் வெள்ளத்தைப் பெருக்கும் தொடராகவும் மாறும்.

இவ்வுண்மையை அக்காலக் கிராமங்கள் அறிந்திருந்தன. வயலிலே எவருக்கு எவ்வளவு பங்கோ, அதற்கேற்பக் குளக்கட்டு வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 'பங்கு' என்ற சொல்லையே நுவரகலாவியச் சிங்கள உழவரும் வழங்கினர். வேலையை மேற்பார்க்க வெல் விதானை இருந்தார். கிழக்கிலே அவரை வட்டை விதானை என்றனர். கட்டைக் காக்கும் தெய்வமாக ஐயனாரைத் தமிழரும், ஐயநாயக்க தெய்வத்தைச் சிங்களவரும் வழிபட்டனர்.

ஆங்கில ஆட்சியில், 1832 ஆம் ஆண்டு இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தை ஒழித்தது நியாயமே. ஆனால், அதனோடு சேர்ந்து, குளக்கட்டைப் பேணிய கூட்டுழைப்பும் தன் அதிகாரத்தை இழந்தது. வேலைக்கு வராதவரைக் கேட்பாரில்லை. மண் இடப்படாத கட்டுகள் தேய்ந்தன. கட்டின்மேல் மரங்கள் முளைத்தன. ஏறக்குறைய கால் நூற்றாண்டின் பின், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளித்தது. 1900 ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. ஒழிக்க எளிதாயிருந்த கூட்டுழைப்பை மீண்டும் உருவாக்குவதோ எளிதாயிருக்கவில்லை.

1957 ஆம் ஆண்டு டிசெம்பரிற் பெய்த பெருமழை நாட்டின் குளக்கட்டுகளையெல்லாம் சோதனைக்குள்ளாக்கியது. நாச்சதுவ போன்ற பெருங்குளமே உடைப்பெடுத்தது. சிறு குளங்கள் பல உடைந்தன. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் மிகுந்தன. அதற்கடுத்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு வெல் விதானையின் இடத்திற்குப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. இன்று, 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் தரும் சிறு குளங்களைக் கமக்காரர் அமைப்புகளும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கவனிக்கின்றன.

சட்டங்களும் பதவிப் பெயர்களும் மாறின. கட்டின் தேவை மாறவில்லை. மாரி தொடங்குமுன் எலிவளைகளையும் புற்றுகளையும் அடைத்தல், கட்டிலே வேரூன்றிய மரங்களை நீக்குதல், துருசைச் சீர்செய்தல், வானைத் துப்புரவாக்குதல் ஆகிய இவ்வேலைகளுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஊரார் சில நாள் ஒன்றுகூட வேண்டும். அவ்வாறு கூடுவோர் தம் வயலோடு, தாம் கண்டும் அறியாத கீழூராரின் வயலையும் வீட்டையும் சேர்த்தே காக்கின்றனர். பண்டைய பங்குமுறை நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.