கோயிலுக்கு வந்த லேண்ட் ரோவர்

கோயில் கொட்டகையில் நிற்கும் பழைய லேண்ட் ரோவர் எங்கிருந்து வந்ததுன்னு பலர் கேட்குறீங்க. கேமரன் மலையில் காய்கறி போட்ட ஒரு பெரியவர் நாற்பது வருஷம் ஓட்டிய வண்டி அது. அவர் தவறிய பிறகு குடும்பத்தார் நமக்குக் கொடுத்தாங்க.

போர் முடிந்து இங்கிலாந்தில் இரும்புத் தட்டுப்பாடு இருந்த நேரம். ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் ஓடிய அமெரிக்க ஜீப்பைப் பார்த்து யோசித்த வண்டி இது. உடம்பு அலுமினியக் கலவை. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அதே வருஷம் மலாயாவில் அவசரகாலம். ராணுவமும் போலீசும் இந்த வண்டியில் சுற்றினாங்க. அப்புறம் கேமரன் மலையில் முட்டைகோசு சுமக்க ஆரம்பித்தது, இன்னும் சுமக்குது.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அடியில் உள்ள சேஸி இரும்பு. குனிஞ்சு அதைத்தான் முதலில் தட்டிப் பார்த்தோம். நல்லா இருந்துச்சு.

காசு வேண்டாம்னுட்டாங்க. சும்மா வாங்க மனசில்லாமல் வெற்றிலையில் 1 வெள்ளி வைத்துக் கொடுத்தோம். சாவியை நீட்டிய அம்மா, "பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்கப்பா, கதவு உள்பக்கம் அவர் எழுதின கூடைக் கணக்கு இருக்கு"ன்னாங்க.

அடிக்கலை. இனி அன்னதான அரிசி இதில்தான் வரும். வண்டி துடைக்க வர்றவங்க, அந்தக் கதவில் மட்டும் ஈரத்துணி போடாதீங்க.