நம் வட்டாரத்து வீடுகளும் கூரைகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் நம்மைக் கேட்டனர். ஆலயம் எழுந்த வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, சபைகள், சங்கங்கள் ஆகியவை இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நம் மக்கள் எத்தகைய கூரையின் கீழ் வாழ்ந்தார்கள், அதனை ஆண்டுதோறும் எவ்வாறு பழுது பார்த்தார்கள், அந்தப் பழக்கம் எப்போது நின்றது என்பதே அது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டு, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் மாடியில் புதிதாக எழுப்பிய இரண்டு அறைகளை மந்திரிக்க நம்மை அழைத்தனர். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் வடநாட்டு இளைஞர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கடன் வாங்கிக் கட்டியவை. மாடி ஏறுமுன் கீழ் வீட்டுக் கூடத்தில் சற்று அமர்ந்தோம். நிமிர்ந்து பார்த்தால், தளத்தின் அடிப்பூச்சு ஒரு முறத்தின் அளவுக்குப் பெயர்ந்து விழுந்து, உள்ளே கம்பி துருவேறித் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியான வேளையில் அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, பலகாரம் உண்டு திரும்பினோம். அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்த இடத்திலேயே ஒரு பெரிய காரைத்துண்டு பெயர்ந்து, கீழே படுத்திருந்த பாட்டியம்மாளின் தோள் எலும்பை முறித்தது. அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் நம் கண்கள் முதலில் மேலே போகின்றன. குருமடத்தில் நமக்குத் தத்துவம் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள். கூரையைப் படிக்க ஒருவரும் கற்பிக்கவில்லை.

நிற்க. நம் பகுதி ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலோடு கலக்கும் தாழ்ந்த நிலம். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. போர்த்துக்கீசியர் வந்ததும், 1515-ஆம் ஆண்டோடு இணைத்துப் பேசப்படும் மகிமை மாதா ஆலயம் எழுந்ததும், 1613-இல் ஒல்லாந்தர் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் அங்கேதான். கோட்டையும் கோவிலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக இருந்த அக்காலத்தில், நம் முன்னோர் குடியிருந்தவை மண்சுவரும் பனையோலைக் கூரையும்தான். பனைமரமே விட்டம், பனஞ்சட்டமே கைமரம், பனநாரே கட்டும் கயிறு. ஏரிக்கரைக் குடிகள் விழலும் நாணலும் வேய்ந்தார்கள். தென்னங்கீற்றானால் ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. பனையோலை அதைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும். ஆடிக்காற்று அடங்கிய பிறகு, ஐப்பசி மழை பிடிக்குமுன் கூரையைப் பிரித்து வேய்ந்துவிட வேண்டும். பலரும் கைகொடுத்துச் செய்த வேலை அது. இன்று ஒரு வீட்டுக் கூரை, நாளை மறு வீட்டுக் கூரை. கூலி கிடையாது, கூழும் கருவாடும் உண்டு. அந்த வீடுகள் உறுதியானவை என்று நாம் சொல்ல வரவில்லை. 1984 நவம்பர் 14-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்த புயல் நம் வட்டாரத்துக் கூரைகளை என்ன செய்தது என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஓலைக் கூரை தன் நோயை மறைப்பதில்லை. ஒழுகினால் உடனே தெரியும். மக்கினால் கண்ணுக்குப் படும். விழுந்தாலும் ஆளைக் கொல்வது அரிது.

வசதி படைத்தோர் கட்டியது மட்டப்பா வீடு. ஆங்கிலேயர் இதனை மெட்ராஸ் டெரஸ் என்றனர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத ஆசைப்படுகிறோம். ஏனெனில் நம் பங்கு இல்லத்தின் பழைய பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. சுவர்மேல் தேக்கு விட்டங்களை ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக வைத்து, அவற்றின்மீது மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் கோணலாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளி என்னும் மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்பும் வரை அடி நிற்காது. அதன்மீது தட்டோடு பதித்தால் மழைத்தண்ணீர் தூம்பு வழியே ஓடிவிடும்.

இதற்கான சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? நம் காலடியிலிருந்துதான். பழவேற்காடு, எண்ணூர் உப்பங்கழிகளில் கிளிஞ்சல் வாரி, காளவாயில் சுட்டு, நீற்றி எடுத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பலமுறை அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சென்னைச் சுவர்கள் சலவைக்கல் போல் மின்னியதாக 18-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினர். அதனினும் வியப்பானது ஒன்று: 1904-இல் இந்தியாவில் முதன்முதலாகச் சிமெண்டு செய்ய முயன்ற ஆலை சென்னையில்தான் அமைந்தது, அதன் மூலப்பொருளும் கடற்கிளிஞ்சலே. முயற்சி வெற்றி பெறவில்லை. பின்னர் 1914-இல் குசராத்தின் போர்பந்தரில்தான் சிமெண்டு உற்பத்தி நிலைபெற்றது.

இடையில் வந்தது சீமை ஓடு. மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் 1865-இல் தொடங்கிய ஓட்டு ஆலையின் முத்திரையைப் பழைய ஓடுகளில் இன்றும் படிக்கலாம். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர்; ஆயினும் அவர்களுடைய ஓட்டின் கீழ் எத்தனையோ கத்தோலிக்கர் நனையாமல் உறங்கியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும் இவ்வோட்டில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். பங்குனி, சித்திரையில் ஓடு மாற்றுபவர் தெருவில் குரல் கொடுத்து வருவார் என்று நம் உபதேசியார் நினைவுகூர்கிறார்.

பிறகு கான்கிரீட் வந்தது. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்த பின், உழவும் மீன்பிடியுமாக இருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் நுழைந்தது. சம்பளம் வந்த வீட்டில் ஓலை இறங்கித் தளம் ஏறியது. அரசின் தொகுப்பு வீடுகளும், 2004 சுனாமிக்குப் பின் மீனவர்க்குக் கட்டப்பட்ட வீடுகளும் தளம் போட்டவையே. ‘இனிப் பத்துத் தலைமுறைக்குக் கவலையில்லை’ என்று நம் மக்கள் எண்ணினர். ஆண்டுக்கொரு முறை கூரையேறிப் பார்க்கும் பழக்கம் அத்துடன் நின்றது.

இங்கேதான் தவறு நேர்ந்தது என்று நாம் கருதுகிறோம். கான்கிரீட்டின் நோய் உள்ளுக்குள் வளர்வது. மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னைக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1960-களின் பிற்பகுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து பல கிலோமீட்டர் பரவியது. அந்த உப்புத் தண்ணீரிலேயே பலர் கலவை கலந்தனர். அதையே ஊற்றித் தளத்தை ஆற்றினர். உப்பு கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு பருமன் ஆகையால் சுற்றியுள்ள காரையைப் பிளந்து தள்ளுகிறது. கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. நம் வீடுகளில் ஒரு விரற்கடை இருந்தாலே பெரிது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள உருக்காலைகளில் நம் இளைஞர்களே கம்பி உருட்டுகிறார்கள். அக்கம்பியை எவ்வாறு மூடவேண்டும் என்பது மட்டும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அடித்தளத்தின்மேல் வாடகைக்காக மாடி எழுப்புவதைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வாடகைப் பணத்தில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆயினும் மாடிக்குக் கடன் வாங்குமுன், கீழ்த்தளத்தை ஒரு பொறியாளரிடம் காட்டும் செலவைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மந்திரிக்க நம்மை அழைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இன்னொரு வகை வீட்டையும் இந்த வரலாற்றில் விட்டுவிடக் கூடாது. 1990-இல் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தோருக்குக் கும்மிடிப்பூண்டியில் முகாம் அமைந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை. அதில் ஒரு குடும்பம். தற்காலிகம் என்று தரப்பட்ட அக்கூரையின் கீழ் பிறந்த பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோர். தமக்கு உரிமையில்லாத சுவருக்கு ஆண்டுதோறும் சாந்து பூசி, தமக்குச் சொந்தமில்லாத ஷீட்டுக்குத் தார் தடவி வந்த அவர்களைப் போல் பராமரிப்பை அறிந்தவர் நம்மிடையே வேறு யாரும் இல்லை. தமிழ்நாட்டின் முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக 2021 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்தது. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுது பார்க்கும் திட்டமும் 2024-இல் வந்தது. கட்டுவதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் பணம் வேண்டும் என்பதை அரசு ஏற்றது நல்ல செய்தி. தகுதியுள்ளோர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்தறிக.

வெள்ளையடிப்பதிலும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிற சமயத்தார் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். தை வெயிலில் சுவர் நன்றாகக் காய்கிறது. நாமோ கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அடிக்கிறோம். அப்போதுதான் கார்த்திகை மழை விட்டிருக்கும். சுவருக்குள் ஓதம் நிற்கும். ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் அது பங்குனிக்குள் உப்புப் பூத்து உரிந்துவிடும். முன்னோர் அடித்த சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டது. இன்றைய பெயிண்ட் உள்ளே அடைக்கிறது. விழாவுக்கு வீட்டைப் பெருக்கி, நட்சத்திரம் கட்டி, வாசலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம்; உள்சுவர்ப் பெயிண்டைத் தவக்காலத்துக்கு ஒத்திவைத்தால் குழந்தை இயேசு கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறர் வீட்டைச் சொல்லும் நாம் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கு இல்லத்துப் பழைய மட்டப்பா ஒழுகியபோது, ஒப்பந்தக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டுத் தட்டோட்டின்மேல் இரண்டங்குலச் சிமெண்டுப் பூச்சுப் போட்டோம். முதல் மழைக்கு ஒழுகவில்லை, மகிழ்ந்தோம். அடுத்த கோடையில் பூச்சு வெடித்தது. வெடிப்பில் இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியின்றிச் சுண்ணாம்புக்குள் நின்று, சுவருக்குள் புதைந்திருந்த விட்டங்களின் முனைகளை மக்கச் செய்துவிட்டது. நூறு மழையைத் தாங்கிய தளத்தை நாம் ஐந்து மழையில் கெடுத்தோம்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று நிதிக் குழுவில் சிலர் கூறினர். முடிவெடுக்குமுன், இளவயதில் தளம் அடித்த ஒரு மூதாட்டியை அன்பியத்தார் அழைத்து வந்தனர். நாம் கைபிடித்து மாடி ஏற்றினோம். அவர் ஒரு கொட்டாப்புளியைக் கேட்டார்; இல்லையென்றதும் கதவுத் தாழ்ப்பாளுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு, குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து தளம் முழுவதையும் தட்டிக் கேட்டார். கணீரென்று ஒலித்த இடத்தைக் கடந்து போனார். பொக்கென்று ஒலித்த இடத்தில் நம்மைச் சாக்கட்டியால் வட்டமிடச் சொன்னார். மொத்தம் பதினொரு வட்டங்கள். ‘சாமி, மீதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேலே போட்ட சிமெண்டை மொதல்ல எடுங்க’ என்றார். சிமெண்டைப் பெயர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. விட்டம் மாற்றத் தச்சரும், கிளிஞ்சல் சுண்ணாம்பில் கைபழகிய கொத்தனாரும் தேவை. தெரிந்தவர் இருந்தால், புரட்டாசி பிறக்குமுன் பங்கு இல்லத்துக்கு அனுப்பி வையுங்கள்.