மனைப் பிரிப்பு அனுமதி (கந்தர்வக்கோட்டை)

புதுக்கோட்டை மாவட்டத்தின் வட்டத் தலைமையிடமான கந்தர்வக்கோட்டையில் நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்க, 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி தேவை. நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் தர, உள்ளாட்சி அமைப்பு இறுதி அனுமதி வழங்கும். பட்டா உட்பிரிவு வருவாய்த்துறையின் தனி வேலை. அது மனை அனுமதி ஆகாது. இந்த வேறுபாடு தெரியாமல் சேமிப்பை இழந்த எளிய குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு என்பது வேதனைக்குரியது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. தொடர்ந்து வந்த 2017 வரன்முறை விதிகள், 20.10.2016-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் பெற்று வழிவிட்டன. சாலை, பூங்கா இடங்களை வரைபடத்தில் உறுதி செய்வதே அனுமதியின் உயிர். முன்பணம் கொடுக்குமுன் ஒப்புதல் எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள்.